வரப்புக்கு அந்தப் பக்கத்துச் சிவப்பு நெல்

1974 ஆவணியில் கல்யாணமாகி வந்தபோது எனக்குத் தெரிந்த மண் கறுப்பு மண் ஒன்றுதான். நான் பிறந்தது அபிராமத்துக்குப் பக்கம். மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும் மண் அது. கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். என் கணவருடைய ஊர் உப்பூருக்கும் திருப்பாலைக்குடிக்கும் நடுவில், கடலுக்கு ஒன்றரை மைல் உள்ளே. அங்கே மண் சாம்பல் நிறத்தில் இருந்தது. வெயில் ஏறினால் மேலே வெள்ளையாகப் பூத்தது. வந்த மூன்றாம் நாள் வயலைப் பார்க்கப் போனபோது குனிந்து ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

பின்னால் வந்த கணவர் பார்த்துவிட்டார். "மூணு நாள்தானே ஆச்சு? அதுக்குள்ளயே மண்ணு திங்க ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த ருசியை நான் மறக்கவில்லை. அடுத்த முப்பத்தைந்து வருஷமும் நாங்கள் இருவரும் செய்தது அந்த ருசியோடு மல்லுக்கட்டியதுதான்.

எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை, அதற்கு மேட்டில் ஒரு ஏக்கர் புஞ்சை. நஞ்சை என்று சொன்னாலும் கண்மாயின் கடைசி மடையில் இருந்தது. மற்றவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்து மிச்சம் இருந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். அதனால் வானத்தைத்தான் நம்பியிருந்தோம். புழுதியாக உழுது போட்ட நிலத்தில், ஒரு சொட்டு மழை விழுவதற்கு முன்பே, புரட்டாசியில் நெல்லை விதைத்து மூடிவிட வேண்டும். ஐப்பசியில் மழை இறங்கினால் முளைக்கும். இறங்காவிட்டால் எறும்பும் எலியும் தின்னும். என் மாமனார் மாமியார் இருவரும் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். வீட்டில் கணவரும் நானும்தான். விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் எங்கள் நாலு கைகளை வைத்துத்தான் தொடங்கும்.

எங்கள் வயலுக்குக் கிழக்கே, ஒரு வரப்புக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. அது திருப்பாலைக்குடியில் இருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துடையது. அந்த வீட்டு ஆண்கள் ஒரு காலத்தில் கடல் வியாபாரம் செய்தவர்கள். பிறகு சவூதிக்குப் போகத் தொடங்கினார்கள். என் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டு மருமகளின் கணவரும் போய்விட்டார். அதிலிருந்து நிலத்தைப் பார்க்க அந்த மருமகளே வரத் தொடங்கினார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வாரத்துக்கு ஒரு நாள், பத்து மணி பஸ்ஸில் இறங்கி, கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நடந்து வருவார். கூலிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு பொழுது சாய்கிற வரைக்கும் வேலை பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸில் போவார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் புள்ள என்பார். பார்த்தால் சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கமும் புது நெல் வந்தது. குட்டையாக வளர்ந்து, சீக்கிரம் முற்றி, வெள்ளையாக அரிசி தருகிற நெல். ஊரே அதற்கு மாறியது. நாங்களும் மாறினோம். வீட்டுக் குதிரில் இருந்த பழைய சிவப்பு நெல் முழுவதையும் ஒரே வருஷத்தில் அவித்துக் குத்தித் தின்று தீர்த்தோம். விதைக்கென்று ஒரு கைப்பிடிகூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு எதற்கு அது என்று நினைத்தோம். எனக்கு வெள்ளைச் சோறு பிடித்திருந்தது. விருந்தாளி வந்தால் இலையில் போட கௌரவமாக இருந்தது.

அக்கா மட்டும் மாறவில்லை. பள்ளத்து வயலில் ஒவ்வொரு வருஷமும் அதே சிவப்பு நெல்லைத்தான் விதைத்தார். குழியடிச்சான் என்று அதற்குப் பெயர். விளைச்சல் குறைவு. ஊரில் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒரு வருஷம் எங்கள் நெல்லை வாங்க வந்த வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். நாலைந்து மணியை நகத்தால் உரித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். வெள்ளைக்கு நடுவே இரண்டு சிவப்பு. "கலப்பு நெல்லு. எனக்கு வேணாம்மா" என்று எழுந்து போய்விட்டார். அடுத்த வருஷமும் அதே கதை. என் கணவர் மூட்டையைத் திரும்பக் கட்டினார். நான்தான் பொங்கினேன்.

அடுத்த வாரம் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வருவதற்காகவே வரப்பில் நின்றேன். "உங்க நெல்லாலதான் எங்க நெல்லு கெட்டுப்போகுது" என்றேன்.

அவர் குடையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். "நெல்லு என்ன, வரப்பு தாண்டி நடந்தா வருது புள்ள?"

"உங்களுக்கு வெளையாட்டாத்தான் இருக்கும். வீட்டுக்காரவுக சவூதியில சம்பாதிக்கிறாக. நெல்லு வந்தா வருது, போனா போகுது. எங்களுக்கு அப்படியா? இந்த வருசத்தோட அந்தச் சிவப்பை விடுங்க."

"விடமாட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குடையை மடக்கினார். என்னைச் சுற்றிக்கொண்டு தன் வயலுக்குள் இறங்கினார். அன்றைக்குப் பேச்சு நின்றது. வருஷம் 1980 இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு உண்மை தெரிந்தது. ஊர்ப் பொதுக் களத்தில் எங்கள் கதிரை அடிப்பதற்கு முன்னால் நான் கூட்டிக்கொண்டிருந்தேன். களத்து வெடிப்புகளுக்குள் பழைய நெல் மணிகள் ஒளிந்து கிடந்தன. விளக்குமாற்றால் கிளறக் கிளற வந்தன. உரித்துப் பார்த்தால் சிவப்பு. அத்தனை பேரும் மாறி மாறி அடிக்கிற களம் அது. நாங்களே பழைய நெல் அடித்த களம். அங்கிருந்து கலந்ததுதான் எங்கள் விதையிலும் ஏறியிருக்கிறது. அக்காவுடைய வயலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் தன் நெல்லைத் தன் வயலிலேயே ஒரு ஓரம் மெழுகி அடித்துக்கொண்டு போனவர்.

போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாய் வரவில்லை. அடுத்த முறை அவர் வரப்பில் வந்தபோது நான் குனிந்து களை பறிப்பது மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த நாட்களில்தான் மழையும் எங்களோடு முறைத்துக்கொள்ளத் தொடங்கியது. முன்பெல்லாம் ஐப்பசியில் தொடங்கி விட்டு விட்டுப் பெய்யும். இப்போது விதை முளைக்கிற அளவுக்கு ஒரு மழை பெய்துவிட்டு இருபது நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முளைத்தது கருகும். அல்லது ஐப்பசி முழுவதும் காய்ந்துவிட்டு, கார்த்திகையில் நாலு நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். இரண்டு வருஷம் விதைத்த நெல்லுக்கு வைக்கோல்கூட வரவில்லை. என் கணவர் புஞ்சையில் ஆழ்துளைக் கிணறு போட்டார். எண்பத்து நாலில் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் ஆயில் என்ஜினைச் சுற்றி விட்டதும் தண்ணீர் குழாயில் இருமி இருமி வந்து, பிறகு ஒரே சீராகக் கொட்டியது. இருவரும் கையேந்திக் குடித்தோம். தித்திக்கவில்லை, ஆனால் குடிக்க முடிந்தது. அந்த வருஷம் மிளகாய் போட்டோம். எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாய். பறித்துக் காயப்போட்டபோது புஞ்சை மேடு முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி இருந்தது. நான் என் பிறந்த ஊரில் அப்படிப் பார்த்திருக்கிறேன். இங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. இரண்டு வருஷம் ராஜா மாதிரி இருந்தோம்.

மூன்றாம் வருஷம் மிளகாய்ச் செடியின் இலை ஓரம் தீய்ந்தது. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தோம். நிற்கவில்லை. ஒரு நாள் என்ஜின் ஓடும்போது தாகத்துக்கு ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன். "இங்க பாருங்க, குடிச்சுப் பாருங்க" என்று கணவரைக் கூப்பிட்டேன். அவர் குடித்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலையே பார்த்தார். நாங்கள் இறைக்க இறைக்க, அடியில் இருந்த நல்ல தண்ணீர் தீர்ந்து, கடல் உள்ளே வந்துவிட்டிருந்தது.

இன்னும் ஒரு போகம் இறைத்துப் பார்க்கலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. என்ஜினைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். குழாய் வாயில் ஒரு கல்லை வைத்து, மேலே சிமெண்டு பூசினார். அவர் அப்படி அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். முதுகைக் காட்டிக்கொண்டு அழுதார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

ஆனால் ஏற்கெனவே பாய்ச்சியது பாய்ச்சியதுதான். உப்பு மேட்டிலிருந்து நஞ்சைக்கு இறங்கியது. நஞ்சையிலிருந்து பள்ளத்துக்கும் இறங்கியது. அடுத்த இரண்டு வருஷம் எங்கள் வெள்ளை நெல் ஒரு சாண் வளர்ந்து மஞ்சளாகி நின்றுவிட்டது. வயல் நடுவில் அங்கங்கே வட்டம் வட்டமாக வெறும் தரை. வரப்பின் மேல் நின்று அந்தப் பக்கம் பார்த்தால், அக்காவுடைய வயலிலும் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் தண்ணீர்தான். ஆனால் அந்த வெள்ளைக்குள்ளிருந்து சிவப்பு நெல் தூர் வெடித்து, இடுப்புயரத்துக்கு வளர்ந்து, கதிர் வாங்கி நின்றது. எங்களால் வந்த உப்புக்காக அவர் ஒரு நாளும் வந்து சண்டை போடவில்லை.

"அந்த விதையக் கேட்டுப் பார்ப்பமா?" என்றார் கணவர்.

"நீங்க கேளுங்க."

"சண்டை போட்டது நீ. நீதான் கேக்கணும்."

இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். பிறகு ஒரு நாள் காலையில் வீட்டு முருங்கையில் ஒரு கட்டு கீரையும் நாலு காயும் ஒடித்துக்கொண்டு திருப்பாலைக்குடி பஸ் ஏறினேன். வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பச்சைச் சாயம் அடித்த கதவு. அக்கா பின்கட்டில் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாள்மனையை விட்டு எழுந்திருக்கவில்லை. "வா புள்ள. அந்தப் பலகையை இழுத்துப் போட்டு உக்காரு" என்றார். நேற்றுப் பேசிப் பிரிந்த மாதிரி.

உட்கார்ந்தேன். வருகிற வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை. "அக்கா, அது களத்துல கலந்த நெல்லு. உங்க வயல்ல இருந்து வரலை" என்றேன்.

"தெரியும்."

"எனக்கும் ஏழு வருசமாத் தெரியும்."

அவர் மீனைக் கழுவி நிமிர்ந்தார். "அப்ப இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"எங்க வயல் உப்பாப் போச்சு. உங்க வயலுக்கும் எங்களாலதான் வந்துச்சு. அதையும் சொல்லணும்னுதான் வந்தேன். அப்புறம்…" எனக்கு அழுகை வந்துவிட்டது. "கொஞ்சம் விதை வேணும்க்கா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அவர் மறுக்கப் போகிறார் என்று நினைத்தேன். பெரிய ஓலைப்பெட்டி ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மேலே பூச்சி வராமல் நொச்சி இலை பரப்பி, நெல் நிறைய இருந்தது. "இதை உனக்குன்னு போன வருசமே எடுத்து வச்சேன்" என்றார். "உன் வயல் மஞ்சளா நிக்கிறதப் பாத்தேன். இன்னைக்கு வருவே, நாளைக்கு வருவேன்னு இருந்தேன். நீ வரலை. அதை எடுத்துட்டு இந்த வருசத்து நெல்லை மாத்தி வச்சிருக்கேன்."

நான் குனிந்து களை பறிப்பதாக நடித்துக்கொண்டிருந்த நாட்களில் அவர் எனக்காக விதை எடுத்து வைத்திருக்கிறார்.

"ஏன்க்கா இத்தனை வருசமா இதையே போட்டீக? எல்லாரும் சிரிச்சோமே" என்று கேட்டேன்.

"எனக்கு ஏது புள்ள ஆளு? அவுக அங்கன இருக்காக. பிள்ளைக படிக்குதுக. வாரத்துக்கு ஒரு நாள்தான் நான் வர முடியும். தண்ணி வச்சுப் பாத்து, மருந்து அடிச்சு, உரம் போட்டு வளக்கிற நெல்லு எனக்கு ஆகாது. தன்னைத் தானே பாத்துக்கிற நெல்லுதான் வேணும். இது ஒண்ணுதான் அப்படி இருந்துச்சு." சிரித்தார். "பெரிய அறிவெல்லாம் இல்ல. எனக்கு வேற வழி இல்ல."

அன்றைக்கு என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. விதைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் கீழே வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை.

அந்த வருஷம் புரட்டாசியில் அரை ஏக்கரில் மட்டும் விதைத்தோம். அக்கா சொன்னபடி விதைப்பதற்கு முன்னால் வயலைச் சுற்றி வரப்பை உயர்த்திக் கட்டி, ஆடியில் விழுந்த மழைத் தண்ணீரை நிறுத்தி வடித்தோம். மேல் உப்பு கொஞ்சம் அதோடு போனது. எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டோம். வயலில் நெல் இல்லாத மாதங்களில் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் முன்பே மடக்கி உழுதோம். அது எங்கள் பக்கத்து விவசாயத் துறை ஆபீஸில் சொன்னது. உரமும் பூச்சிமருந்தும் அந்த நெல் கேட்கவில்லை. தை கடைசியில் அறுத்தபோது விளைச்சல் ஒன்றும் கொட்டிவிடவில்லை. ஆனால் வெறும் தரை கிடந்த வட்டங்களிலும் கதிர் இருந்தது. கணவர் அந்த வட்டங்களை மட்டும் தனியாக, கடைசியாக, தன் கையால் அறுத்தார்.

ஐந்தாறு வருஷத்தில் இரண்டு ஏக்கரும் சிவப்பானது. பிறகு வந்த கவலை தண்ணீர். மழை நாலு நாளில் கொட்டிவிட்டுக் கடலுக்கு ஓடிவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே ஒரு தண்ணீர் இருந்தால் போதும், அது இருக்காது. கடைமடைக்கு வந்து சேராது. தொண்ணூற்றாறு வாக்கில் புதிதாக வந்த விவசாய ஆபீசர் ஒரு பெண். மொபெட்டில் வருவார். சின்ன வயது, வெயிலில் முகம் சிவந்து கிடக்கும். வயலிலேயே ஒரு குட்டை வெட்டி மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம், அரசாங்கம் உதவி செய்யும் என்றார்.

"இருக்கிறதே ரெண்டு ஏக்கர். அதுலயும் பள்ளம் தோண்டச் சொல்றீகளாம்மா?" என்றார் என் கணவர்.

வரப்புக்கு அந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தார். "என் பள்ளத்து மூலையில வெட்டுங்க. தண்ணி எப்படியும் அங்கனதான் வந்து தேங்குது. உங்க பக்கம் கொஞ்சம், என் பக்கம் பாதிக்கு மேல. ரெண்டு பேரும் எடுத்துக்குவோம்" என்றார். நடுவில் இருந்த வரப்பை அந்த இடத்தில் எடுத்துவிட வேண்டும். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

ஆபீசர் கையில் இருந்த தாளில் பத்தடி ஆழம் என்று இருந்தது. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "இங்கன பத்தடி தோண்டுனா நாம குட்டை வெட்டல, கடலைத் தொறந்து விடுறோம்."

"திட்டத்துல அப்படித்தான்மா போட்டிருக்கு."

"திட்டம் போட்டவுக இந்தத் தண்ணியக் குடிச்சுப் பாத்தாகளா?"

ஆபீசர் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. "சரி, ஒரு குழி தோண்டிப் பார்ப்போம்" என்று மொபெட்டை நிறுத்தினார். என் கணவரும் இன்னொருவரும் மண்வெட்டி போட்டார்கள். நாலடியில் ஈரம் கண்டது. ஐந்தடியில் ஊற்று கசிந்தது. ஆபீசர் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி வாயில் வைத்தார். "பரவாயில்லையே" என்றார். ஆறடியிலும் குடித்தார். ஏழடியில் குடித்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளிப் போய்த் துப்பினார். திரும்பி வந்து, தாளில் இருந்த பத்தை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். "ஆழத்தைக் குறைச்சு அகலத்தைக் கூட்டிக்கலாம். ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன்" என்றார். அந்தப் பெண் இரண்டு வருஷத்தில் மாறுதலாகிப் போய்விட்டார். படித்த படிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டுச் சிரட்டைத் தண்ணீரை நம்பிய அவரையும் நான் நன்றியோடுதான் நினைத்துக்கொள்கிறேன்.

தோண்டிய மண்ணைக் கொண்டு இரண்டு வயல்களின் வரப்புகளையும் உயர்த்தினோம். கரையில் வேம்பும் புங்கையும் வைத்தோம். முதல் வருஷம் மழை நின்று ஒரு மாதம் வரை குட்டையில் தண்ணீர் கிடந்தது. மார்கழி கடைசியில் இரண்டு வீட்டுக்காரர்களும் இறைகூடையால் இறைத்தோம். என் கைகள் மரத்துப் போயின. அக்கா எதிரே நின்று கயிற்றை இழுக்கும்போதெல்லாம், "ஏன் புள்ள, இப்பச் சொல்லு, நெல்லு வரப்பு தாண்டி நடந்து வருமா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். கூடை ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீரெல்லாம் கொட்டிவிடும்.

எல்லா வருஷமும் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வறட்சியில் குட்டை வெடித்துக் கிடந்தது. ஒரு வருஷம் விதைத்த விதைகூட வீடு வரவில்லை. அப்போது அக்கா வீட்டில் விதை இருந்தது. அவர் வீட்டில் புழு விழுந்த வருஷம் எங்கள் குதிரில் இருந்தது. இரண்டு வீட்டிலும் வைத்திருந்ததால்தான் தப்பித்தோம்.

2008 கார்த்திகையில் வந்தது பெருமழை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. கண்மாய் உடைந்தது. கடல் கொந்தளித்து ஓடையை எதிர்த்து ஏறி, மழைத் தண்ணீரைக் கடலுக்குள் விடவில்லை. உள்ளே வந்த கடல் தண்ணீரும் மேலே இருந்து வந்த மழைத் தண்ணீரும் எங்கள் வயல்களின் மேல் சந்தித்துக்கொண்டு ஐந்து நாள் நின்றன. வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். ஐந்தாம் நாள் காலை தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் கணவரும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குப் போனோம். ஊர் வயல் முழுக்க வெள்ளை நெல் அழுகிப் படுத்து நாற்றமடித்தது. எங்கள் வயலில் பள்ளப் பகுதி போய்விட்டது. மேட்டுப் பக்கம் சேறு பூசிக்கொண்டு, தாள் சாய்ந்து, ஆனால் வேரோடு பயிர் இருந்தது. ஒரு தூரைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பிடுங்க வரவில்லை.

அக்கா பஸ் இல்லாமல் நடந்தே வந்து சேர்ந்தார். முழங்கால் வரை சேறு. எங்களைக் கண்டதும், "உசுரோட இருக்கியளா, அல்ஹம்துலில்லாஹ்" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அவர் வயலில் பெரும்பகுதி போயிருந்தது. அவர் முதலில் அதைப் பார்க்கவே இல்லை.

நல்லவேளை, அதற்குப் பிறகு பெய்த இரண்டு மழை உப்பைக் கொஞ்சம் கழுவிவிட்டது. சேற்றுக்குள்ளிருந்து பயிர் மறுபடியும் தூர் கட்டியது. அறுப்பு மாசிக்குத் தள்ளிப் போனது. வழக்கத்தில் பாதிகூட வரவில்லை. ஆனால் அந்த மாசியில் எங்கள் ஊரில் அரிவாள் எடுத்தவர்கள் நாங்கள் இரண்டு வீட்டுக்காரர்களும், எங்களைப் பார்த்துச் சிவப்புக்கு மாறியிருந்த இன்னும் மூன்று வீட்டுக்காரர்களும்தான். அந்தப் பங்குனியில் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து விதை கேட்டார்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்று வேறு என்னென்னவோ பேசினார்கள். எனக்கு அந்தத் தவிப்பு தெரியும். அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் நான் பெட்டியை எடுத்து வந்துவிடுவேன்.

அந்த வருஷம், 2009 ஆவணியில், அக்காவுடைய கணவர் சவூதியை விட்டு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தார். முப்பத்து மூன்று வருஷம். இடையில் வந்து வந்து போனதோடு சரி. அக்கா அவரை வயலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, புழுதியில் கால் வைக்கப் பயந்து பயந்து நடந்தார். குட்டைக்கரையில் நின்று, "நம்ம வயல் இதுல எதுவரைக்கும்?" என்று கேட்டார்.

"அதைப் போய் இவளைக் கேளுங்க. இவதான் வரப்புல நின்னு சண்டை போட்டவ" என்றார் அக்கா.

அன்றைக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நெத்திலிக் குழம்பு வைத்திருந்தேன். என் கணவரும் அவரும் மழை வருமா, எப்போது விதைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் முப்பது வருஷமாக மழையையே பார்க்காதவர். நான் அக்காவைப் பின்பக்கம் கூப்பிட்டுக்கொண்டு போனேன். எத்தனையோ நாளாக மனதில் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அக்கா, உங்களுக்கு நான் ரொம்ப நன்றி சொல்லணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன புள்ள, டிவியில வர்ற பொம்பளை மாதிரிப் பேசுறே? ஒடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பிறகு அவர் கையை எடுக்காமலே, "எனக்கும்தான் புள்ள. ஒத்தப் பொம்பளையா இங்கன வந்து போன காலத்துல, வரப்புக்கு அந்தப் பக்கம் நீ ஒருத்தி நிக்கிறது எனக்கு எவ்வளவு தெம்பு தெரியுமா? பேசாம நின்னாலும் நின்னியே" என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. பேசாமல் இருந்த அந்த ஒன்பது வருஷத்தை நான் எப்போதும் வீணாய்ப் போன வருஷங்களாகத்தான் நினைத்திருந்தேன்.

ஐந்து மணி பஸ்ஸுக்கு அவர்களை ரோடு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். பஸ் கூட்டத்தோடு வந்தது, நிற்காமல் போய்விட்டது. அக்காவின் கணவர் கையைக் காட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. "சரி, வாங்க, காப்பி போடுறேன்" என்றேன். மூன்று பேரும் திரும்பி நடந்தோம். அந்தப் பஸ் டிரைவர் யாரோ, அவருக்கும் அன்றைக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிக்கொண்டேன்.